மறுஆக்கத்தில் மாற வேண்டியது எது?

ஒரு நாட்டில் வரவேற்பைப் பெற்ற படைப்பை இன்னொரு நாட்டினரோ மொழியினரோ புதிய நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுப்பது மறுஆக்கம் எனப்படும். மறுஆக்கம் வெளிவந்தவுடன் ரசிகர்களிடையே இரண்டு குறைகள் பேசப்படும். ஒன்று, மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்பது. மற்றொன்று, அப்படியே நகலெடுத்துவிட்டார்கள் என்பது. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டையும் ஒரே படைப்பின் மீது சுமத்துவோரும் உண்டு. எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதே இங்கு எழும் கேள்வி.

பிபிசி 2006, 2007 ஆம் ஆண்டுகளில் ஒளிபரப்பிய 'லைஃப் ஆன் மார்ஸ்' தொடர் 16 பகுதிகளைக் கொண்டது. கார் மோதி விழும் காவல் அதிகாரி சாம் டைலர், 1973 ஆம் ஆண்டின் மான்செஸ்டரில் கண் விழிக்கிறார். இதை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி 2008-09இல் நியூயார்க்கைக் களமாக வைத்து 17 பகுதிகளாக எடுத்தது. கண் விழிக்கும் அமெரிக்க சாமின் எதிரே உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் நிற்கின்றன. அவை 2001இல் வீழ்ந்ததைப் பார்வையாளர் அறிவர். எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் உணர்த்தும் இக்காட்சி மான்செஸ்டரில் சாத்தியமே இல்லை. இது மறுஆக்கத்தின் வெற்றி.

முடிவில் நிலைமை வேறு. பிரிட்டிஷ் சாம் நிகழ்காலத்துக்குத் திரும்பிய பின், அங்கு எதையும் உணர முடியாமல் 1973ஐத் தானே தேர்ந்தெடுக்கிறார். அமெரிக்கத் தொடரிலோ, எல்லாம் செவ்வாய்க்குச் செல்லும் விண்வெளி வீரரின் கனவு என்று முடிகிறது. புதிர் விடுபடுகிறது, ஒரு மனிதனின் தேர்வு காணாமல் போகிறது. ரசிகர்கள் இம்முடிவை இன்றும் விவாதிப்பது இதனால்தான்.

தமிழில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு 'கூகுள் குட்டப்பா' (2022). ரதீஷ் பாலகிருஷ்ண பொதுவாள் இயக்கிய 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25' (2019) என்ற மலையாளப் படத்தின் மறுஆக்கம் இது. சபரி, சரவணன் இருவரும் இயக்கினர். மலையாளத்தில் சுராஜ் வெஞ்ஞாறமூடு ஏற்ற தந்தை வேடத்தைத் தமிழில் கே. எஸ். ரவிகுமார் ஏற்றார். வெளிநாட்டில் வேலை செய்யும் மகன், ஊரில் தனித்திருக்கும் தந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ரோபோவைக் கொண்டுவந்து விடுகிறான். இயந்திரம் என்றாலே ஆகாத முதியவர், வேட்டி சட்டை அணிந்த அந்த ரோபோவைப் பிள்ளையாகவே எண்ணத் தொடங்குகிறார்.

முதுமையின் தனிமை மலையாளிக்கு மட்டும் உரியதன்று. ஆகவே இக்கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தது பொருத்தமே. ஆனால் குட்டப்பா என்ற பெயரிலேயே மலையாள வாடை போகவில்லை. கிராமமும் மொழியும் மாறின. தந்தையின் மனம் மாறவில்லை.

இதே கதையை வடசென்னைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரோ எண்ணூர் லாரித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவரோ அந்தத் தந்தையாக இருந்தால், அவருக்கு இயந்திரம் புதிதல்ல. வந்த அன்றே ரோபோவின் முதுகைத் திறந்து பார்ப்பார். பழுதானால் தாமே சரிசெய்ய முனைவார். ஆளைக் குறைக்க வந்த இயந்திரங்களைப் பணிக்காலத்தில் பார்த்தவர் என்பதால் அவருடைய வெறுப்பின் காரணமும் வேறாக இருக்கும். 'என் வேலைக்கு மிஷின் வந்தது, இப்போது என் பிள்ளையின் இடத்துக்கும் வந்துவிட்டதா?' என்று அவர் கேட்டால், அது மூலத்தில் இல்லாத, இந்த மண்ணுக்கே உரிய கேள்வியாகும்.

மூலத்துக்கு மறுஆக்கம் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை மட்டும் அளப்பது போதாது. புதிய இடம் கதையிடம் ஏதேனும் புதிதாகக் கேட்டதா, கதை அதற்கு விடை தந்ததா என்பவற்றையும் மாணவர்கள் பார்க்க வேண்டும்.

பிரிட்டனின் ராயல் என்ஃபீல்டு புல்லட்டை 1955 முதல் சென்னையில், முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைக் கொண்டே பூட்டினார்கள். நாளடைவில் பாகங்களும் இங்கேயே உருவாயின. பிரிட்டனில் உற்பத்தி நின்ற பிறகும் திருவொற்றியூரில் வண்டி வெளிவந்துகொண்டே இருந்தது. இன்று அதை யாரும் நகல் என்று சொல்வதில்லை.