சும்மா இருந்த நேரத்தின் கணக்கு

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் என்னைப் பற்றிய ஒரு பிரதி எனக்கு வந்து சேர்கிறது. நான் எழுதியதல்ல. ஆனால் அதில் வரும் ஒரே கதாபாத்திரம் நான்தான். போன வாரம் 47 மணி 12 நிமிடம் கணினி முன்னால் இருந்தேன், அதில் 22 மணி 5 நிமிடம் 'உற்பத்தி', 9 மணி 40 நிமிடம் 'கவனச்சிதறல்', மிச்சமெல்லாம் 'நடுநிலை' அல்லது 'செயலின்மை' என்கிறது அது. பச்சை, சிவப்பு, சாம்பல் நிறங்களில் பட்டை பட்டையாக ஒரு படமும் உண்டு.

ஓட்டப்பிடாரத்தில் வீட்டில் இருந்தபடி ஆவணப்படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிற ஃப்ரீலான்ஸர் நான். ஒன்றரை வருடமாக ஒரு தானியங்கி டைம் டிராக்கரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த மென்பொருள்களைப் பற்றிக் கிடைப்பதெல்லாம் இரண்டு ரகம். எதை வாங்கலாம், எது மலிவு என்று சொல்கிற வீடியோக்கள் ஒன்று. 'கண்காணிப்பு முதலாளித்துவம்' என்று ஆரம்பித்து அந்தச் சொல்லிலேயே முடிந்துபோகிற கட்டுரைகள் இன்னொன்று. இரண்டிலுமே அந்த அறிக்கையை யாரும் வாசிப்பதில்லை. ஒரு சிறுகதையை வாசிப்பதுபோல அதையும் வாசித்துப் பார்த்தால் என்ன? கதைசொல்லி யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார்?

முதலில் கதைசொல்லி. பழைய டைமர்களில் வேலையைத் தொடங்கும்போது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், முடிக்கும்போது இன்னொரு தடவை. பாதி நாள் மறந்துபோகும். தானியங்கி ரகத்தில் அந்த வேலை இல்லை. திரையில் எந்த ஜன்னல் முன்னால் நிற்கிறது, அதன் தலைப்பு என்ன, கீபோர்டும் மவுஸும் அசைகின்றனவா என்பதைப் பின்னணியில் உட்கார்ந்து அதுவே குறித்துக்கொள்ளும். சில நிமிடம் எதுவும் அசையாவிட்டால் ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடும். அதாவது இந்தக் கதைசொல்லிக்கு விரல் தெரியும், ஜன்னலின் பெயர் தெரியும். வேறொன்றும் தெரியாது. நவீனத்துவக் கதைகளில் கேமரா மாதிரிக் கதைசொல்லி என்போமே, அதைவிடக் குறுகின பார்வை. கேமராவுக்காவது முகம் தெரியும்.

தெரியாததைத் தெரியாது என்று விட்டிருந்தால் பிரச்சினை இல்லை. பெயர் வைக்கிறது. ரெஸ்க்யூடைம் என்கிற பிரபலமான மென்பொருள் பல வருடங்களாக ஒவ்வொரு செயலியையும் இணையதளத்தையும் 'மிக உற்பத்தித்திறன்' தொடங்கி 'மிகுந்த கவனச்சிதறல்' வரை ஐந்து படிகளில் அடுக்கி, கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டுவந்தது. அடுக்கை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனாலும் ஒரே தளம் காலையில் வேலையாகவும் ராத்திரியில் பொழுதுபோக்காகவும் இருக்கும் என்பதை எந்தப் படியில் வைப்பது?

ஒரு உதாரணம் சொல்கிறேன். கடல் பற்றிய ஆவணப்படம் ஒன்றில் மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பற்றி ஒரு வரி வந்தது. 'மேற்குக் காற்று' என்று போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம், நாலு நொடி வேலை. ஆனால் எங்கள் கடற்கரையில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கு என்றால் கொண்டல், தெற்கு சோழகம். மேற்கு? தோணியில் கொழும்புக்குப் போய்வந்த ஒரு பெரியவருக்குப் போன் போட்டேன். "மேக்க இருந்து அடிச்சா கச்சான், அதுல என்னடே சந்தேகம்" என்று ஆரம்பித்தவர் நாற்பது நிமிடம் பேசினார். காற்றிலிருந்து பாய்க்கு, பாயிலிருந்து கொழும்பு பஜாருக்கு, அங்கிருந்து மருமகனுக்கு.

சரி, கச்சான். அதோடு முடியவில்லை. படம் இலங்கைத் தமிழரும் கனடாக்காரரும் பார்க்கிற தளத்துக்குப் போகிறது. அவர்களிடம் கச்சான் என்றால் பெரும்பாலும் வறுத்த நிலக்கடலைதான் நினைவுக்கு வரும். கடலில் கடலை வீசினால் நன்றாக இருக்காது இல்லையா. 'கச்சான் காற்று' என்று எழுதினால் அங்கேயும் புரியும், இங்கேயும் குறையாது. ஆனால் சப்டைட்டிலின் ஒரு வரிக்கு இத்தனை எழுத்துதான் என்று ஒரு வரம்பு உண்டு. கூடுதலாக ஒரு சொல் வந்ததால் முன்வரியையும் பின்வரியையும் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. மொத்தம் 2 மணி 10 நிமிடம். அறிக்கையில் இது எப்படிப் பதிவானது தெரியுமா? போன் பேசிய நேரம் 'செயலின்மை'. படகு வீடியோக்கள் பார்த்தது 'பொழுதுபோக்கு'. தட்டச்சு செய்த சில நிமிடங்கள் மட்டும் பச்சையில்.

'செயலின்மை' என்கிற அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் வேறு பெயர். நான் திரையை வெறித்துக்கொண்டு ஒரு வரியை மனசுக்குள் உருட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா வருவாள்: "சும்மாதான இருக்க, ஒரு எட்டு கடைக்குப் போயிட்டு வா." அம்மாவும் மென்பொருளும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. தமிழில் 'சும்மா' என்பது வசையாகவும் இருக்கும், சித்தர்களும் ஞானிகளும் ஏங்கின நிலையாகவும் இருக்கும். சொல்கிறவர் குரலை வைத்துத்தான் பொருள். மென்பொருளுக்குக் குரல் கிடையாது, சாம்பல் நிறம் மட்டும்தான்.

அடுத்து, இந்தப் பிரதி யாருக்காக எழுதப்படுகிறது என்பது. எனக்கு முக்கியமானது இதுதான். ரெஸ்க்யூடைம் மாதிரியானவற்றின் முதல் வாசகர் நானே. ஒருவகையில் டைரி. ஆனால் அப்வொர்க் தளத்தில் மணிக்கணக்குக்கு வேலை செய்தால் அதன் 'வொர்க் டைரி'யின் வாசகர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறார். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஏதோ ஒரு நொடியில் திரையை ஒரு படம் எடுத்து வைக்கும். மணிக்கு ஆறு. கூடவே கீபோர்டு, மவுஸ் அசைவின் எண்ணிக்கை. ஒரு படத்தை வாடிக்கையாளர் பார்க்க வேண்டாம் என்று நினைத்தால் அழித்துவிடலாம், அந்தப் பத்து நிமிடக் காசும் கூடவே போய்விடும். பதிலுக்கு அங்கே ஒரு பாதுகாப்பும் உண்டு. இந்த முறையில் ஒழுங்காகப் பதிவான மணிக்கு வாடிக்கையாளர் கையை விரித்தாலும் பணம் வரும் என்று தளம் உறுதி சொல்கிறது. பில் அனுப்பிவிட்டு மூன்று மாதம் "சார், அந்தப் பேமென்ட்" என்று வாட்ஸப்பில் கெஞ்சிய அனுபவம் உள்ள யாரும் இதை இளக்காரமாகப் பேச மாட்டார்கள். பெயரைப் பாருங்கள், இரண்டுக்கும் டைரி என்ற சொல்தான் பொருந்துகிறது. ஆனால் இன்னொருவர் வாசிப்பார் என்று தெரிந்து எழுதப்படுகிற டைரியில் ஆள் வேறு மாதிரி ஆகிவிடுவார். யோசிக்கும்போதுகூட மவுஸை லேசாக ஆட்டிக்கொண்டே யோசிப்பார்.

வேலைநேரம் யாருடைய கையில் என்ற கேள்விக்கு இந்தப் பக்கத்தில் ஒரு பழைய வரலாறு இருக்கிறது. வ.உ.சி. 1872-ல் பிறந்த ஊர் இது. நினைவில்லம் இருக்கிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வருடா வருடம் கூட்டிப்போவார்கள். எல்லாருக்கும் கப்பல் ஞாபகம் இருக்கும், செக்கு ஞாபகம் இருக்கும். இடையில் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம் பெரும்பாலும் ஒரு மார்க் கேள்வியாகவே நின்றுவிடுகிறது. 1908 பிப்ரவரி 27-ல் அந்த மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. எதற்கு ஒத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள்: கூலி உயர்வு, வேலைநேரக் குறைப்பு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மூன்றில் இரண்டு, நேரம் பற்றியது. அதே மார்ச் மாதம் 12-ல் வ.உ.சி. கைதாகிவிட்டார்.

அப்போது வயதுவந்த ஆண் தொழிலாளி ஒரு நாளைக்கு இத்தனை மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று நாட்டில் சட்டமே இல்லை. 1911 சட்டம்தான் ஆலைத் தொழிலில் முதன்முதலாக 12 மணி என்று வரம்பு வைத்தது. அதையும் சலுகை என்றே சொன்னார்கள். (2023-ல் அதே 12 மணி நேரம் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு ஒரு திருத்த மசோதாவாகத் திரும்பி வந்ததும், எதிர்ப்பு கிளம்பி மே தினத்தில் திரும்பப் பெற்றதும் உங்களுக்கு நினைவிருக்கும்.) வரம்பே இல்லாத இடத்தில் நேரத்தை எண்ணுவது தொழிலாளியின் தேவை. எண்ணினால்தானே அதிகம் என்று சொல்ல முடியும்? ஆங்கிலேய வரலாற்றாசிரியர் இ.பி. தாம்சன் 1967-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று இதே பாதையில்தான் போகிறது. முதல் தலைமுறைக்கு முதலாளி கடிகாரத்தைக் கற்றுக்கொடுத்தார். அடுத்தடுத்த தலைமுறைகள் அதே கடிகாரத்தை வைத்துக் குறைந்த வேலைநேரமும் ஓவர்டைமும் கேட்டன. 'நேரத்தை அளப்பதே வன்முறை' என்று இப்போது எழுதுகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அவர்களில் பலருக்கு மாதம் ஒண்ணாம் தேதி சம்பளம் வந்துவிடும் என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொரு கற்பனையும் உண்டு: அந்தக் காலத்தில் மனுஷன் மணி பார்த்தா வேலை செஞ்சான்? முத்துக்குளிப்பைப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் குளிகாரருக்குக் கூலி சிப்பியில். அள்ளியதில் மூன்றில் ஒரு பங்கு. எத்தனை நொடி மூச்சடக்கினான் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பங்காகக் கிடைப்பது மூடிய சிப்பி, திறந்தால் முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கடலுக்கடியில் இருந்த நேரமும் அந்த அதிர்ஷ்டமும் அவன் தலையில்தான்.

சப்டைட்டிலுக்கும் இதே ஏற்பாடுதான். படத்தின் ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு என்பதுதான் ரேட். என்னுடைய நிமிடம் அதில் கணக்கே இல்லை. அந்தக் கடல் படம் 52 நிமிடம், நிமிடத்துக்கு 150 ரூபாய், மொத்தம் 7,800. டிராக்கரைக் கேட்டால் 31 மணி நேரம் என்றது. அதுவும் செயலின்மை என்று ஒதுக்கியதையெல்லாம் நான் திரும்பச் சேர்த்த பிறகு. மணிக்கு 250 ரூபாய் சொச்சம். இந்த எண் எனக்கு வேறு எப்படியும் தெரிந்திருக்காது. குத்துமதிப்பாக ஒரு வாரம் என்று நினைத்திருப்பேன்.

ஆகவே இந்தப் பிரதி முழுப் பொய்யில்லை. திருத்தி எழுத வேண்டிய முதல் வரைவு. ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதுவதற்கு முன்பும் தூத்துக்குடி உப்பளங்களில் கூலிக் கணக்கு இருந்திருக்கும்தானே. ஒரு ஆள், ஒரு நாள், இவ்வளவு கூலி. அந்த ஒற்றை வரிக்குள் இருந்த உப்புநீரையும் கூசுகிற கண்ணையும் பிரதிக்குள் கொண்டுவர ஒரு நாவலாசிரியை நேரில் வந்து கேட்க வேண்டியிருந்தது. கூலிக் கணக்கு தப்பு என்று நாவல் சொல்லவில்லை, அது போதாது என்கிறது. என் டிராக்கரில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறது. முதல் ஆறு மாதம் காலியாகவே கிடந்தது. இப்போது அறிக்கையில் நான் படிக்கிற ஒரே பகுதி அந்தக் கட்டம்தான்: 'கச்சான், தோணிக்காரருடன் போன்', 'வரி உடைப்பு, மூன்று தடவை', 'கரண்டு போச்சு'.

எனக்கு இதில் பொறுக்காத இடம் ஞாயிற்றுக்கிழமை. ஏழு நாள் வரைபடத்தில் அந்த நாள் ஒரு பள்ளமாக விழுகிறது, 'முந்தைய நாளைவிடக் குறைவு' என்று கீழே பார்த்த சிவப்பு அம்பு ஒன்றும் வருகிறது. கோரல் மில்காரர்கள் ஒன்பது நாள் கூலியை இழந்து வாங்கின நாள் இது! வடிவமைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள், ஏழு நாளையும் ஒரே தராசில் வைப்பது நிரலெழுத எளிது, அவ்வளவுதான். ஆனால் அந்த அம்பைப் பார்த்துவிட்டு ஞாயிறு சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்த ஃப்ரீலான்ஸர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர் உண்டு. எங்கள் வேலையில் மேஸ்திரியும் நாம்தான், ஆளும் நாம்தான். தொழிற்சாலைச் சட்டம் எதுவும் எங்களைத் தொடாது.

இப்போது ஒரு விஷயம் முடிவாகாமல் நிற்கிறது. வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் நிமிட ரேட்டை விட்டுவிட்டு மணிக்கணக்குக்கு வரலாம் என்கிறார். தொகை இப்போதைக்கு இரண்டு மடங்கு ஆகும். நிபந்தனை, அவர்கள் சொல்கிற டிராக்கரைப் போட வேண்டும், ஸ்கிரீன்ஷாட்டோடு. மறுக்கக்கூடிய நிலைமையில் நான் இல்லை, அப்படியே ஏற்கவும் மனசு வரவில்லை. என் பக்கத்திலிருந்து ஒன்று எழுதி அனுப்பினேன். மணிக்கணக்கு சரி. பதிவு என் கணினியிலேயே இருக்கும். ஆக்டிவிட்டிவாட்ச் மாதிரி மூலநிரல் திறந்த, தரவை வெளியே அனுப்பாத மென்பொருள்கள் இருக்கின்றன. வாரம் ஒருமுறை, நான் வாசித்து, குறிப்பு எழுதி, பிறகு அனுப்புவேன். படம் கிடையாது. மாதிரிக்கு அந்தக் கடல் படத்தின் 31 மணி நேரத்தையும் குறிப்புகளோடு இணைத்திருந்தேன்.

நேற்று போனில் பேசினார். முழுக்க வாசித்திருக்கிறார், அதுவே ஆச்சரியம். ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: "அந்தப் பெரியவர்கிட்ட நாற்பது நிமிஷம் பேசியிருக்கீங்க. மருமகன் கதையெல்லாம் வருதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதுக்கும் பில் போடுவீங்களா?"

போடுவேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.