முதல் பக்கத்தைப் புரட்ட வைக்கும் கலை

கண்ணில் தொடங்கும் புத்தகத்தை வாங்காதீர்கள். ஜப்பானியக் காமிக்ஸான மங்காவை வரையக் கற்றுத் தருவதாகச் சொல்லிக் கடைகளில் அடுக்கியிருக்கும் புத்தகங்களில் பெரும்பாலானவை ஒரு வட்டம், நடுவே ஒரு குறுக்குக் கோடு, அதன்மேல் இரண்டு பெரிய கண்கள் என்றுதான் ஆரம்பிக்கும். பிறகு கூர்மையான தாடை, காற்றில் பறக்கும் முடி, பள்ளிச் சீருடை, வாள். கடைசிப் பக்கம் வரை இதே பாட்டுதான். முடித்துவிட்டு எழுந்தால் முகம் வரைய வரும், ஆனால் ஒரு பக்கம் அமைக்க வராது. ஐந்தாறு கட்டங்களைப் பிரித்து, ஒருவன் கதவைத் திறந்து உள்ளே வருவதைக் கூடக் காட்டத் தெரியாமல் விழிப்போம்.

அந்த ரகப் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டி அலுத்துப்போயிருந்த என் கையில் வந்து விழுந்தது ஹிரோஹிகோ அராகியின் ‘மங்கா இன் தியரி அண்ட் பிராக்டிஸ்’. அடேயப்பா, என்ன புத்தகம்! 2015இல் ஜப்பானில் வெளிவந்து, 2017இல் விஸ் மீடியா ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. எழுதியவர் சாமானியர் இல்லை. 1987 முதல் ‘ஜோஜோஸ் பிசார் அட்வென்ச்சர்’ தொடரை நூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக இழுத்துக்கொண்டு போகிறவர். அப்படிப்பட்ட ஒருவர் தொழில் ரகசியத்தைப் பந்தி போட்டுப் பரிமாறினால் இலையை விட்டு எழுந்திருக்க மனசு வருமா? எனக்கு வரவில்லை.

அவர் எங்கே தொடங்குகிறார் என்று பாருங்கள். பென்சில், பேனா எதையும் எடுப்பதில்லை. கதையைக் கொண்டுபோய் ஒரு எடிட்டரிடம் நீட்டுகிறோம், அவர் முதல் பக்கத்தைப் புரட்டுவாரா மாட்டாரா? இதுதான் முதல் அத்தியாயம் முழுக்க. பத்திரிகை அலுவலகத்தில் படைப்புகள் மலைபோல் குவியும், யாருக்கும் நேரம் கிடையாது. ஆகவே முதல் பக்கத்திலேயே யார், எங்கே, எப்போது, என்ன, ஏன், எப்படி என்பவற்றில் முடிந்தவரை பலவற்றைச் சொல்லிவிட வேண்டும், அதுவும் ஒரே கட்டம் இரண்டு மூன்று தகவலைச் சுமக்கும்படி. இருபது வயதில் தான் வரைந்து, 1980இல் டெசுகா விருதுப் போட்டியில் பரிசு பெற்ற ‘போக்கர் அண்டர் ஆர்ம்ஸ்’ கதையையே எடுத்துவைத்து, அதன் தலைப்பையும் தொடக்கத்தையும் எப்படி யோசித்தேன் என்று பிரித்துக் காட்டுகிறார். இத்தனை வெற்றி பெற்ற ஒரு மனிதர் தன்னுடைய முதல் கதையைப் பற்றி இவ்வளவு விலாவாரியாகப் பேசுவதே ஒரு விருந்து.

அடுத்து நாலு தூண்கள்: பாத்திரம், கதை, உலகம், கரு. முக்கியத்துவமும் இதே வரிசையில்தான். இந்த நான்கையும் ஒன்றாகக் கட்டிக் கண்ணுக்குக் காட்டுவது ஓவியம். பாத்திரம் ஒன்றை உருவாக்கும் முன் அவர் ஒரு விவரப் படிவம் நிரப்புகிறார். பெயர், வயது, உயரம், குடும்பம், பயம், பொழுதுபோக்கு, உடம்பில் உள்ள தழும்பு என்று கிட்டத்தட்ட 60 கேள்விகள். பாஸ்போர்ட்டுக்குக் கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள்! ஆனால் நிரப்பிப் பார்த்தால்தான் அதன் மகிமை தெரியும். நான் ஒரு பஸ் கண்டக்டரை நாயகனாக வைத்து நிரப்பினேன். ‘எதற்குப் பயப்படுவான்?’ என்ற இடத்தில் ‘ஆள் இல்லாத கடைசி டிரிப்’ என்று எழுதினேன் பாருங்கள், கதை தானாக ஓட ஆரம்பித்துவிட்டது.

கதை பற்றிய பகுதியில் திடீரென்று ஹெமிங்வேயை இழுத்து வருகிறார். ‘தி கில்லர்ஸ்’ சிறுகதையில் விளக்கமே இல்லாமல் பேச்சை வைத்தே ஆட்களையும் ஆபத்தையும் காட்டிவிடுவதை ஒரு மங்கா கலைஞர் பாடமாக எடுக்கிறார். வேறெந்த ‘எப்படி வரைவது’ புத்தகத்திலும் நான் பார்க்காத ஒன்று. நாயகன் எப்போதும் ஏறுமுகத்திலேயே இருக்க வேண்டும் என்கிற அவருடைய விதியை மட்டும் நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். வாரப் பத்திரிகையில் வாசகனைத் தக்கவைக்க அது சரி, சிறுகதைக்குச் சரிந்து விழுகிற நாயகனும் அழகுதான். ஆனால் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று காரண காரியத்தோடு வாதம் வைக்கிறார், அதனால் சண்டை போடக்கூட சந்தோஷமாக இருக்கிறது.

உச்சம் கடைசிப் பகுதி. முதலில் யோசனை எப்படிப் பிறக்கிறது, அதை ‘நேம்’ ஆக்குவது எப்படி, கட்டங்களைப் பிரிப்பது எப்படி என்று படிப்படியாக. நேம் என்றால் ஜப்பானியக் கலைஞர்கள் போடும் முழுக்கதையின் பென்சில் வரைவு: குச்சி உருவங்கள், கட்டக் கோடுகள், பலூனுக்குள் வசனம், அவ்வளவுதான். எடிட்டர் அதைப் பார்த்துத்தான் தலையாட்டுவார். மங்காவின் உயிர் அங்கேதான் இருக்கிறது, ஓவியம் அழகாவதெல்லாம் பிறகு. அப்புறம் தன்னுடைய ‘மில்லியனர் வில்லேஜ்’ என்ற சிறுகதையை எடுத்துப் பிரித்துப் போடுகிறார். கிஷிபே ரோஹான் என்ற மங்கா கலைஞன் தன் எடிட்டரோடு ஒரு மலைக்கிராமத்துக்குப் போகிறான். அங்கே நிலம் வாங்க வேண்டுமானால் மரியாதைப் பரீட்சையில் தேற வேண்டும். தேநீர்க் கோப்பையைப் பிடிக்கிற விதத்தில் பிசகினால்கூட உயிருக்கு உயிரானது போய்விடும். சண்டை கிடையாது, வாள் கிடையாது, மூன்று பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆனாலும் நகத்தைக் கடிக்க வைக்கிறார் மனிதர். அந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை அவரே கூடவந்து சொல்வதைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஓவியம் கற்கும் என் அக்கா மகள் இதை ஒரு மத்தியானம் புரட்டிவிட்டு, “மாமா, இதுல எப்படி வரையறதுன்னே பெருசா இல்லையே?” என்றாள். “எதை வரையறதுன்னு இருக்கே கண்ணு” என்றேன். அவள் சொன்னதும் வாஸ்தவம்தான். ஜி பேனாவை எப்படி அழுத்துவது, மையில் கோடு எப்படித் தடித்து மெலியும், டோன் தாளை எப்படி வெட்டி ஒட்டுவது என்றெல்லாம் இதில் தேடாதீர்கள். அதற்கு கிராஃபிக்-ஷா பதிப்பகத்தின் ‘ஹவ் டு டிரா மங்கா’ வரிசை இருக்கிறது. உடலமைப்புக்கும் துணி மடிப்புக்கும் கூச்சமில்லாமல் அதை நாடலாம். தொழில்முறைத் தாள் பி4 அளவு, உள் சட்டம் 180க்கு 270 மில்லிமீட்டர், பத்திரிகையில் பி5 ஆகச் சுருங்கும் என்பதை மட்டும் ஆரம்பத்திலேயே மனசில் வையுங்கள். தாளில் அழகாகத் தெரிந்த மெல்லிய கோடுகள் அச்சில் காணாமல் போவது அதனால்தான்.

இரண்டாவதாக ஒன்று வாங்க முடியுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்காட் மெக்ளவுடின் ‘மேக்கிங் காமிக்ஸ்’. 2006இல் வந்தது, புத்தகமே காமிக்ஸ் வடிவம். எந்தக் கணத்தைத் தேர்ந்தெடுப்பது, எந்தக் கோணம், என்ன படம், என்ன சொல், பார்வை எப்படி நகர வேண்டும் என்ற ஐந்து தேர்வுகளை அவர் வரைந்தே விளக்குவது தனி சுகம். செலவழிக்க மனசில்லையா, ‘பாகுமான்’ தொடரை இரவல் வாங்குங்கள். சுகுமி ஓபா எழுதி தகேஷி ஒபாடா வரைந்து 2008 முதல் 2012 வரை வந்தது. இரண்டு பையன்கள் மங்கா கலைஞர்களாகும் கதை. அத்தியாயங்களுக்கு நடுவே ஓபாவின் நேம், ஒபாடாவின் நேம், முடிந்த பக்கம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள். ஒரே காட்சியில் கட்டம் பெரிதாகிறது, கோணம் திரும்புகிறது, ஒரு வசனம் காணாமல் போகிறது. பாடநூல் என்று பெயர் வைக்காத பாடநூல் அது.

தமிழில் வரைகிறவர்களுக்கு இந்தப் புத்தகங்கள் எதுவும் சொல்லாத சங்கதி ஒன்றும் உண்டு. ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடமாகப் போகும், ஆகவே விரித்த இரண்டு பக்கங்களில் இடப்பக்கத்தின் கீழ் இடது மூலைதான் வாசகன் தாளைப் புரட்டும் இடம். ‘கதவுக்குப் பின்னால் யார்?’ என்ற கட்டம் அங்கே, பதில் அடுத்த பக்கத்தில். நமக்கு அந்த மூலை வலப்பக்கத்தின் கீழ் வலதுக்கு மாறிவிடுகிறது. நேம் போடும்போதே இதைத் தீர்மானிக்காவிட்டால் திருப்பங்கள் எல்லாம் தவறான இடத்தில் வந்து நிற்கும். பலூனும் அப்படியே. மேலிருந்து கீழாக எழுதும் மொழிக்காக அவர்கள் ஒல்லியாக, நெட்டையாகப் போடும் பலூனில் ‘போய்க்கொண்டிருந்தேன்’ என்று எழுதிப் பாருங்கள், மூன்று துண்டாக உடையும். ‘போயிட்டிருந்தேன்’ என்று பேச்சுத் தமிழுக்கு இறங்கி, பலூனையும் அகலமாக்கினால்தான் மூச்சுவிட முடிகிறது. கண்டக்டர் கதையில் பாதி வசனம் இப்படித்தான் மெலிந்தது, இப்போது படிக்கவும் நன்றாக இருக்கிறது.

அராகி புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு காரியம் செய்துவிடுங்கள். தன் கதைகளைப் பிரித்து விளக்குகிறபோது திருப்பங்களையும் சேர்த்தே போட்டு உடைத்துவிடுகிறார், ஒளிவுமறைவு கிடையாது. ‘மில்லியனர் வில்லேஜ்’ கதை ‘தஸ் ஸ்போக் கிஷிபே ரோஹான்’ தொகுப்பில் இருக்கிறது. அதை முதலில் ஒரு சாதாரண வாசகனாகப் படித்து, பயந்து முடியுங்கள். அப்புறம் இதற்கு வாருங்கள்.