அலாவுதீன் கண்ட இரு தேசங்கள்

நோன்புப் பெருநாள் விடுமுறைக்காக விருதுநகரில் உறவினர் இல்லமொன்றில் கூடியிருந்தோம். பிள்ளைகள் பத்துப் பேர். பெரியவர்களும் உடனமர்ந்து பார்க்கத்தக்க படங்களாகத் தெரிந்து தருமாறு வீட்டார் எம்மைப் பணித்தனர். சிறுவர் படம் என்றால் பெரியவர்கள் அடுக்களைப் பக்கம் எழுந்து போய்விடுவதும், குடும்பப் படம் என்றால் பிள்ளைகள் உறங்கிவிடுவதும் நம் வீடுகளில் வழக்கம். இரு சாராரையும் ஒரே பாயில் இருத்தும் படம் எது என்பதே எம் முன் நின்ற கேள்வி.

பிள்ளைகள் கேட்டது டிஸ்னி நிறுவனம் 1992-இல் வெளியிட்ட ‘அலாதீன்’. அதன் சித்திரத் திறனை மறுப்பதற்கில்லை. முகமோ வாயோ இல்லாத பறக்கும் கம்பளம் தன் குஞ்சங்களைக் கொண்டே நாணுகிறது, அஞ்சுகிறது, ஊடுகிறது. ஆனால் அரபு மண்ணைக் காதறுக்கும் கொடியோரின் நிலமாகத் தொடக்கப் பாட்டிலேயே வருணித்திருந்தனர். அமெரிக்க அரபு மக்களின் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்த பின்னர், 1993-இல் ஒளிநாடா வெளிவந்தபோது அவ்வரி மாற்றப்பட்டது. அந்நிலத்தைக் காட்டுமிராண்டித்தனமானது எனக் குறிக்கும் சொல்லை மட்டும் விட்டுவைத்தனர். அலாதீனும் இளவரசியும் அமெரிக்க நாவால் பேச, காவலரும் கடைக்காரரும் அயல் நாவால் பேசுவர். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, “கெட்டவங்க மட்டும் ஏன் வேற மாதிரி இங்கிலீஷ் பேசுறாங்க?” என்று கேட்டாள். திறனாய்வாளர் பலர் ஏடு ஏடாக எழுதியதை அவள் ஒரே வினாவில் முடித்துவிட்டாள்.

மறுநாள் நாம் வைத்தது ‘இளவரசர் அகமதின் சாகசங்கள்’. ஜெர்மானியப் பெண்மணி லோட்டே ரைனிகர் 1923 முதல் 1926 வரை உழைத்து எடுத்த படம் அது. இன்று எஞ்சியுள்ள முழுநீள உயிரூட்டுச் சித்திரங்களில் இதுவே மிகப் பழையது. டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ வந்தது பதினோராண்டுகள் கழித்து, 1937-இல்தான். கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் கத்தரிக்கோலால் உருவங்களை வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் பிணைத்து, கீழிருந்து ஒளி பாயும் கண்ணாடி மேசையில் கிடத்தி, இம்மி இம்மியாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்தார். நம் பக்கத்துத் தோற்பாவைக் கூத்துக்கு இது தூரத்து உறவு. நம் பாவையில் வண்ணம் ஒளியை ஊடுருவி வரும். இவருடையதோ முழு நிழல்.

அந்நிழலே படத்தின் பெருமை. கலீபாவும் அலாவுதீனும் பரீபானுவும் ஒரே கறுப்பில் நடமாடுகிறார்கள். தோலின் நிறத்தைக் கொண்டு எவரையும் அளக்க வழியில்லை. ஆயினும் மந்திரவாதியை ஆப்பிரிக்கன் என்று சொல்லி, உருவத்திலும் கோணலாக்கியிருப்பதை நாம் மன்னித்துவிட மாட்டோம். அந்நாளைய ஐரோப்பாவின் கறை அது. ஊமைப் படமாயிற்றே, பிள்ளைகள் பொறுப்பார்களா என்று அஞ்சினோம். மந்திரவாதியும் நெருப்பு மலைச் சூனியக்காரியும் விலங்குருக்கள் மாறி மாறிப் பொருதும் காட்சியில் ஒருவரும் கண் இமைக்கவில்லை. 1956-இல் மாடர்ன் தியேட்டர்சார் தந்த வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ நினைவில் ஊறிய பெரியவர்களோ, “பாட்டு இல்லையே” என்று சற்றுக் குறைப்பட்டுக் கொண்டனர்.

மூன்றாம் நாள் ஒரு சிறு தகராறு. சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படத்தை நாம் முன்மொழிந்தோம். சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் உழன்ற சிறாரைப் பற்றியது அது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986-இல்; சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது 1996-இல்; இடைப்பட்ட காலத்தின் சாட்சியம் இப்படம். “பெருநாளும் அதுவுமா இது எதற்கு?” என்றார் வீட்டுக்காரர். நாம் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாதது தவறோ என்று இன்றும் எண்ணுகிறோம்.

அதற்கீடாக வைத்தது ஈரானியர் மஜீத் மஜீதியின் ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ (1997). தமிழில் 2022-இல் ‘அக்கா குருவி’யாக வந்ததும் இக்கதையே. தங்கை ஸஹ்ராவின் காலணியைத் தொலைத்துவிடுகிறான் அலீ. தந்தையிடம் புதிது கேட்கவும் மனமில்லை. வீட்டு நிலை அவனுக்குத் தெரியும். ஒரே இணைக் காலணியைக் காலையில் அவளும் பிற்பகலில் அவனும் அணிந்து பள்ளிக்கு ஓடுகிறார்கள். தொலைந்த காலணி இன்னொரு சிறுமியின் காலில் இருப்பதைக் கண்டு, அண்ணனும் தங்கையுமாக அவள் வீடு வரை பின்தொடர்கிறார்கள். அச்சிறுமியின் தந்தை கண்ணற்றவர் என்று கண்டதும், வாய் திறவாமல் இருவரும் திரும்பி நடக்கிறார்கள். அழுகை இல்லை, வசனமும் இல்லை. நம் படங்களாயின் இவ்விடத்தில் குழந்தையை ஒரு பக்க வசனம் பேச வைத்திருப்பார்கள்.

அந்த இடத்தில் வீட்டின் மூத்தவரான நன்னிமா, படத்தை நிறுத்தச் சொன்னார். விடியுமுன் ஊருக்குள் வரும் கம்பெனி வண்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். தூங்கி வழியும் தம்மை அண்ணன் தோளில் சாய்த்து ஏற்றிவிடுவது, சட்டத்தில் குச்சி அடுக்கி அடுக்கி விரல் நுனி மரத்துப்போவது, அண்ணனுக்கும் தமக்குமாக இருந்த ஒரே தூக்குச் சட்டி. அவர் தீப்பெட்டி ஆலைக்குப் போனவர் என்பது பேரப்பிள்ளைகளுக்கு அன்றுவரை தெரியாது. நமக்கும் தெரியாது. ஸஹ்ராவின் வயதுச் சிறுமி எழுந்து சென்று அவர் விரல்களை எடுத்துப் பார்த்தாள். படத்தின் மிச்சத்தை மறுநாள் காலைப் பசியாறிய பிறகுதான் பார்த்தோம்.