மருந்துப்போலியும் போலி ஜரிகையும்

ஆரணியில் பட்டு வணிகத்தில் பழகியவர் எவரும் ஜரிகையைக் கண்ணால் மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று கேட்பர். ஐயம் நேர்ந்தால் சோதித்துப் பார்ப்பர். மின்னுவதனாலேயே ஒன்று அசலாகிவிடாது என்பதைத் தறிவீட்டுச் சிறுவனும் அறிவான். அதே வீட்டுத் திண்ணையில், 'எனக்குக் குணமாயிற்று' என்னும் ஒரே சொல்லை நம்பிப் பெருவிலை கொடுத்துச் சத்துப்பொடி வாங்குகின்றனர்.

அத்தகைய பொடியொன்றின் துண்டுப் பிரசுரம் அண்மையில் என் கைக்கு வந்தது. ஒரு நூலை மதிப்பிடுவது போல அதனை நிதானமாகப் படித்தேன். மூட்டுவலி, நீரிழிவு, ஆஸ்த்மா மூன்றுக்கும் ஒரே டப்பா. 'குணப்படுத்தும்' என்னும் வினை எங்குமே இல்லை. 'துணை புரியும்', 'சீராக உதவும்' என்பனவே உள்ளன. குணமாகும் என்ற சொல்லை விற்பவரின் வாய்க்கு விட்டுவிட்டனர். டப்பாவின் பின்புறத்திலோ, 2016ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் கோருகின்றபடி, மருத்துவப் பயன்பாட்டுக்குரியதன்று என்ற வாசகம் பொடி எழுத்தில் இருக்கிறது.

எஞ்சியவை சாட்சியங்கள். அவர்கள் பொய்யுரைப்பதாக நான் கருதவில்லை. சிக்கலே அங்குதான் இருக்கிறது. 2011இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், ஏறத்தாழ 40 ஆஸ்த்மா நோயாளிகளுக்கு ஒருநாள் உண்மையான மருந்தும், ஒருநாள் மருந்தற்ற போலி உறிஞ்சியும் கொடுத்தனர். ஒருநாள் ஏதும் கொடாமலே இருந்தனர். மூச்சை ஊதச் செய்து அளந்தபோது உண்மை மருந்தால் 20 சதவீத முன்னேற்றம். போலியால் 7 சதவீதமே. ஒன்றும் கொடாத நாளிலும் அதே 7தான். ஆயின் நோயாளிகளிடம் கேட்டபோது, மருந்தினால் 50 சதவீதமும் போலியால் 45 சதவீதமும் நலம் கண்டதாகக் கூறினர். ஏதும் கொடாத நாளில் இது 21. மனம் ஆறுதல் அடைந்தது மெய். நுரையீரல் அடைந்ததோ வேறு.

குழித்தறியில் நாள் முழுதும் மிதி மிதிப்பவரின் முழங்கால் வலி ஒருநாள் கூடும், ஒருநாள் தணியும். வலி உச்சத்தில் இருக்கும்போதே பொடி வாங்குகிறார்; பின்னர் தானே தணிவதன் புகழும் பொடியையே சேர்கிறது. வலியளவில் நின்றால் இழப்பது பணம் மட்டுமே. நீரிழிவுக்காரர் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை உண்ணும்போது நிலைமை வேறு. இரத்தத்திலுள்ள சர்க்கரை அவருடைய தெம்பைக் கேட்டு இறங்குவதில்லை. உணர்விழந்த பாதத்தில் மிதிக்கட்டை உராய்ந்த புண் அவருக்கு வலிப்பதுகூட இல்லை.

1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணிகள் விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவும் உண்டு. அச்சட்டத்தை எதிர்த்துத் தில்லி ஹம்தர்த் தவாகானா உச்சநீதிமன்றம் சென்றது. விளம்பரமும் பேச்சுரிமையே என்பது அதன் வாதங்களுள் ஒன்று. யூனானி மரபினால் நம்மவர்க்கு நெருங்கிய நிறுவனந்தான். எனினும் அவ்வாதம் எனக்கு உடன்பாடன்று. 1959 டிசம்பரில் நீதிமன்றம் சட்டத்தின் சில பகுதிகளைச் செல்லாதவை என்றது. விலக்கப்பட்ட மருந்து விளம்பரங்களுக்குப் பேச்சுரிமை அரணாகாது என்றும் தீர்த்தது.

அச்சட்டம் 'விளம்பரம்' என்பதற்குத் தரும் விளக்கம் சுவையானது. துண்டுத்தாளும் மேலுறையும் மட்டுமல்ல, ஒளியாலும் ஒலியாலும் புகையாலும் செய்யும் அறிவிப்பும், வாய்மொழியாகச் சொல்வதுங்கூட அதில் அடங்கும். பிரசுரத்தை எழுதியவர் சொற்களை எண்ணி எண்ணி வைத்திருக்கிறார். திண்ணையில் அமர்ந்து விற்றவர் அந்த வரியைப் படித்திருக்கமாட்டார்.