சொல் நீங்கிய காட்சி: போபால் பழங்குடிக் காட்சியகங்கள் குறித்து

பழங்குடி மக்களின் வாழ்வையும் கலையையும் காண விழையும் பயணி ஒருவர், நெடுந்தொலைவு அலையாமல் மூன்று பெரும் காட்சியகங்களை ஒருங்கே காணத்தக்க நகரம் போபால். அந்நகரின் பெரிய ஏரியை ஒட்டிய சியாமளா குன்றுப் பகுதியில் இம்மூன்றும் அமைந்துள்ளன. முதலாவது, 1982இல் திறக்கப்பெற்ற பாரத் பவன். இரண்டாவது, 1977இல் தில்லியில் தொடங்கப்பெற்றுப் பின்னர் போபாலுக்கு மாற்றப்பெற்ற இந்திரா காந்தி தேசிய மானிட அருங்காட்சியகம். மூன்றாவது, 2013இல் திறக்கப்பெற்ற மத்தியப் பிரதேசப் பழங்குடியினர் அருங்காட்சியகம். இவை பற்றிப் பயண நூல்களும் சுற்றுலாத் துறை வெளியீடுகளும் நிறையவே பேசியுள்ளன. அவை பெரும்பாலும் பாராட்டுரைகள். பாராட்டுக்குரியனவும் அங்கு உள்ளன என்பதில் ஐயமில்லை. ஆயினும் இக்காட்சியகங்களைப் பொருள்களின் தொகுதியாக அன்றி, வாசிக்கத்தக்க பனுவல்களாகக் கொண்டு நோக்கும்போது ஒரு வினா எழுகிறது. இப்பனுவல்கள் எம்மொழியில் எழுதப்பட்டுள்ளன? எம்மக்களைப் பற்றி அவை பேசுகின்றனவோ அம்மக்களின் மொழிக்கு அவற்றில் உள்ள இடம் யாது?

இவ்வினா தமிழ்ப் பயணிக்குச் சற்றுக் கூடுதலாகவே உரியது. இக்காட்சியகங்களில் மிகுதியும் இடம்பெறும் குடிகளுள் ஒன்று கோண்டு மக்கள். அவர்தம் மொழியாகிய கோண்டி திராவிட மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. கோர்க்கு முண்டா மொழிகளுள் ஒன்று. பீலி இந்தோ-ஆரிய மொழி. மூன்று மொழிக் குடும்பங்கள் ஒரே மாநிலத்தில் அருகருகே வாழும் இவ்வரிய நிலையைக் காட்சியகங்களின் கூடங்களிலிருந்து பயணி அறிந்துகொள்ள வாய்ப்பில்லை. அங்கு வண்ணங்கள் வேறுபடுகின்றன. விளக்கப் பலகைகளின் மொழி வேறுபடுவதில்லை. எங்கும் இந்தியும் ஆங்கிலமுமே.

பாடகர் ஓவியரான வரலாறு

பாரத் பவனில் நுண்கலைப் பிரிவாகிய ரூபங்கரை உருவாக்கியவர் ஓவியர் ஜெ. சுவாமிநாதன் (1928–1994). சிம்லாவில் பிறந்த தமிழ்க் குடும்பத்தவர். நகர்ப்புற நவீன ஓவியமும் பழங்குடி ஓவியமும் ஒரே காலத்தைச் சார்ந்தவை. ஒன்றை இன்றைய கலையாகவும் மற்றொன்றைப் பழமையின் எச்சமாகவும் பிரித்தல் பிழை என்பது அவர்தம் கொள்கை. 1987இல் வெளிவந்த 'தி பெர்சீவிங் ஃபிங்கர்ஸ்' என்னும் அவர் நூல் இக்கொள்கையை விளக்கும். இதன் விளைவாக, அதுகாறும் 'கோண்டுக் கலை', 'பீல் கலை' எனக் குடிப்பெயரால் மட்டுமே சுட்டப்பெற்ற படைப்புகள், வரைந்தவரின் பெயரோடு சுவரில் ஏறின. அக்கட்டடம் எழும்பியபோது அங்குக் கூலித் தொழிலாளியாக இருந்த பூரி பாய், சுவாமிநாதனின் தூண்டுதலால் தாளில் வரையத் தொடங்கி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பெயரிடுதல் என்னும் ஒரு செயல் எத்துணை ஆற்றல் வாய்ந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆனால் பெயர் பெற்ற ஓவியம் எதை விட்டு வந்தது என்பதையும் கருதுதல் வேண்டும். இங்கு ஜங்கட் சிங் சியாமின் வரலாறு இன்றியமையாதது. நருமதையின் தலைநிலத்தில் உள்ள பாட்டன்கட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த அவரை 1980களின் தொடக்கத்தில் பாரத் பவன் குழுவினர் கண்டறிந்தனர். வீட்டுச் சுவரில் அவர் வரைந்திருந்த ஓவியமே அவர்களை ஈர்த்தது. பின்னர் அவர் பாரிசில் 1989இல் நடைபெற்ற 'பூமியின் மந்திரவாதிகள்' என்னும் பெருங்காட்சியில் இடம்பெற்றார். சார்லஸ் கொரியா வடிவமைத்த சட்டமன்றக் கட்டடத்தின் சுவர்களில் வரைந்தார். புள்ளிகளாலும் நுண்கோடுகளாலும் உருவங்களை நிரப்பும் அவர் முறை 'ஜங்கட் கலம்' எனவே வழங்கலாயிற்று. 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தின் அழைப்பின்பேரில் தங்கி ஓவியம் வரைந்துகொண்டிருந்த காலத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பதை எட்டியிருக்கவில்லை.

ஜங்கட் பர்தான் பிரிவைச் சார்ந்தவர். பர்தான்கள் வழிவழியாக ஓவியர் அல்லர்; பாடகர். கோண்டுக் குடும்பங்களின் குலவரலாற்றையும் தெய்வக் கதைகளையும் 'பானா' என்னும் வில்லிட்டு இசைக்கும் நரம்புக்கருவியோடு பாடி, புரவலரிடம் பரிசில் பெறுதல் அவர்தம் தொழில். நம் பாணர் மரபை அறிந்தவர்க்கு இஃது எளிதில் விளங்கும். (பாணன், பானா என்னும் ஒலியொப்புமையை மட்டும் கொண்டு உறவு கற்பித்தல் ஆய்வு நெறி அன்று, தொழிலின் ஒப்புமை வேறு, சொல்லின் ஒப்புமை வேறு.) சாம்ராவ் ஹிவாலே 1946இல் வெளியிட்ட 'தி பர்தான்ஸ் ஆஃப் தி அப்பர் நர்படா வேலி' என்னும் நூல் இப்பாடகர் வாழ்வை விரிவாகப் பதிந்துள்ளது. புரவலர் வறியராக, பரிசில் குன்ற, பாட்டு நலிந்தது. நலிந்த பாட்டின் கதைகளே தாளிலும் துணியிலும் உருவங்களாகப் புகுந்தன. ஆகவே கோண்டு ஓவியம் என இன்று உலகெங்கும் போற்றப்படுவது, ஒரு வகையில், வாய்மொழி மரபு கட்புலனுக்கு இடம்பெயர்ந்த வரலாறேயாகும்.

காட்சியகம் அப்பெயர்ச்சியின் முடிவை மட்டும் காட்டுகிறது. மரமும் மானும் பாம்பும் பயணியின் முன் நிற்கின்றன. எந்தப் பாட்டின் எந்த இடம் அது என்பதை அறிய வழியில்லை. ஓவியத்தை அதன் கோட்டாலும் வண்ணத்தாலும் மட்டுமே மதித்தல் வேண்டும் என்பது சுவாமிநாதனின் காலத்தில் தேவையான எதிர்ப்புக் குரலாக இருந்தது. பழங்குடிக் கலையை மானிடவியலின் ஆவணமாக மட்டுமே கண்ட போக்கை அது தகர்த்தது. அத்தேவை பெரிதும் நிறைவேறிய பின்னரும் அம்முறையே தொடர்வது ஏன் என்பதற்கு விடை கிடைப்பதில்லை.

படா தேவும் பெர்சா பேனும்

2013இல் திறக்கப்பெற்ற அருங்காட்சியகம் இக்குறையை உணர்ந்து எழுந்தது எனலாம். கட்டடக் கலைஞர் ரேவதி காமத் வடிவமைத்த அக்கட்டடத்தின் கூடங்களைப் பழங்குடிக் கலைஞர்களே வந்து தங்கி உருவாக்கினர். கண்ணாடிப் பேழைக்குள் பொருளை அடைத்து எண்ணிடும் பழைய முறை இங்குக் கைவிடப்பட்டது. வீடு, திருமணப் பந்தல், விளையாட்டு, தெய்வ உலகு எனக் கதைகளே வெளிகளாக விரிகின்றன. பயணி அவற்றைச் சுற்றி வருவதில்லை, அவற்றினூடே நடக்கிறார். இந்தியாவில் இத்துறையில் நிகழ்ந்த மிகச் சிறந்த முயற்சிகளுள் ஒன்று இது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

எனவேதான் அங்கு நேரும் மொழியிழப்பு மேலும் உறுத்துகிறது. கோண்டு மக்களின் முதற்கடவுள் சாஜா மரத்தில் உறைபவர். தமிழில் கருமருது எனப்படும் மரம் அது. சினந்து மறைந்த அக்கடவுளை இளைய உடன்பிறந்தான் பானா இசைத்து மகிழ்வித்தான் என்றும், அவன் வழியினரே பர்தான்கள் என்றும் மரபுக்கதை கூறும். இக்கடவுள் நூல்களிலும் பலகைகளிலும் வழிகாட்டிகள் வாய்மொழியிலும் 'படா தேவ்' எனப்படுகிறார். இஃது இந்தி, 'பெரிய தேவர்' என்பது பொருள். கோண்டியில் அவர் பெயர் 'பெர்சா பேன்'.

இவ்விரு சொற்களையும் தமிழறிந்தோர் ஒருகணம் நின்று கேட்டல் வேண்டும். 'பெர்சா' என்பதில் உள்ளது 'பெரு' என்னும் நம் அடியே. 'பேன்' என்பது, தலையில் ஊரும் உயிரை நினைவூட்டி நகைப்பு விளைத்தாலும், உண்மையில் தமிழ்ப் 'பேய்' என்பதோடு ஓரினமாக வேர்ச்சொல் அகராதியில் வைக்கப்பட்டுள்ளது. கோண்டியிலும் கூயி முதலிய அண்டை மொழிகளிலும் அச்சொல் கடவுளைக் குறிக்கும். தமிழில் அது அஞ்சத்தக்க ஆவியாகச் சுருங்கிற்று. எனினும் பேயாழ்வார், காரைக்காற் பேய் என்னும் பெயர்களில் அச்சொல் தெய்வத்திற்கு அணுக்கமாகவே நின்றதை நாம் அறிவோம். ஒரு பெயர்ப்பலகை இரு சொற்களைத் தாங்கியிருப்பின், ஒரு சமயச் சொல்லின் நெடிய வரலாறே கூடத்தின் நடுவில் நின்றிருக்கும். 'படா தேவ்' என்பது பிழையான மொழிபெயர்ப்பு அன்று. முற்றும் சரியான மொழிபெயர்ப்பு. சரியாக இருப்பதாலேயே மூலம் ஒன்று உண்டு என்னும் நினைவு எழாமற் போகிறது. 'நார்' எனின் கோண்டியில் ஊர். நம் 'நாடு' என்பதோடு உறவுடைய சொல். ஊரின் மாதிரியையே கட்டிக் காட்டும் கூடத்தில் ஊரைக் குறிக்கும் சொல் இல்லை.

எருமை இல்லாத மந்து

மானிட அருங்காட்சியகம் ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்பில் விரிந்த திறந்தவெளி. தொல்பழங்கால ஓவியங்கள் கொண்ட பாறைக் குடைவுகளும் அவ்வளாகத்துள்ளேயே உள்ளன. பழங்குடி வாழிடப் பகுதியில் நாட்டின் பல பாகங்களிலிருந்து வந்த மக்கள் தாமே கட்டிய வீடுகள் நிற்கின்றன. அவற்றுள் நீலகிரித் தோடர் வீடும் ஒன்று. அரைப் பீப்பாயைக் கவிழ்த்தாற் போன்ற வடிவம். தவழ்ந்து நுழைய வேண்டிய சிறு வாயில். வருவோர் குனிந்து எட்டிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, அடுத்த வீட்டை நோக்கி நகர்கின்றனர்.

கோடையில் 40 பாகையைத் தாண்டும் வெப்பத்தில் நீலகிரிக் குளிருக்காக அமைந்த வீடு நிற்பதைக் குறையாகக் கூறுதல் எளிது. திறந்தவெளிக் காட்சியகம் எதற்கும் இது பொது. கூற வேண்டியது வேறு. தோடர் குடியிருப்பைத் தமிழில் மந்து என்கிறோம். அவர்தம் மொழியில் அது 'மோட்'. நம் மன்று, மன்றம், மந்தை என்பனவும் இச்சொல்லும் ஒரே வேரின் கிளைகள். அச்சொல் குடிசையை மட்டும் குறிப்பதன்று. எருமைப் பட்டியும் பால்மனையும் புல்வெளியும் சடங்கிடமும் சேர்ந்த முழுமையைக் குறிப்பது. மன்று என்பது மக்கள் கூடுமிடத்தையும் ஆநிரை நிற்குமிடத்தையும் ஒருசேரக் குறித்தது நம் பழைய இலக்கிய வழக்கிலும் உண்டு. எருமை இல்லாத இடத்தில் தனித்து நிற்கும் வீட்டை மோட் என்று எந்தத் தோடரும் அழையார்.

தோடர் மொழியில் பல்லாண்டு உழைத்த எம்.பி. எமனோ 1971இல் வெளியிட்ட 'தோடா சாங்ஸ்' என்னும் பெருநூல் இங்கு நினைக்கத்தக்கது. தோடர் பாடல்கள் இணை இணையாக வரும் நிலையான தொடர்களால் ஆனவை என்பதையும், ஊர், எருமை, மலைச்சரிவு என அவர் வாழ்வின் ஒவ்வொரு கூறுக்கும் அத்தகைய பாடற்றொடர்கள் உண்டு என்பதையும் அவர் நிறுவினார். அதாவது, தோடர்க்கு இடம் என்பது பாடலில் பெயர்பெற்ற இடம். பெயரற்ற புல்வெளி அவர் உலகில் இல்லை. மூங்கிலும் பிரம்பும் புல்லும் போபால் வரை வந்தன. சுமைகூலி வேண்டாத அத்தொடர்கள் வரவில்லை.

இத்தகைய குறைக்கு மாற்று இயலாததன்று. குஜராத்தில் தேஜ்கட் என்னும் ஊரில், கணேஷ் தேவி நிறுவிய ஆதிவாசி அகாதெமியைச் சார்ந்த அருங்காட்சியகத்தின் பெயரே 'வாசா'. பேச்சு, குரல் என்பது பொருள். ஒலிப்பதிவும் கதையும் பாட்டும் அங்குப் பொருள்களுக்கு இணையான சேகரிப்புகள். அவ்வியக்கத்தினர் பழங்குடி மொழிகளிலேயே 'டோல்' என்னும் இதழையும் நடத்தினர். போபாலின் பெருங்கூடங்களுக்கு முன் அது சிறியதே; ஆயினும் இப்பொருளில் வழிகாட்டத்தக்கது.

இதுகாறும் கூறியவற்றுக்கு ஒரு தடை எழுப்பலாம். அது வலுவான தடையும் கூட. கோண்டு மக்கள்தொகை ஒரு கோடியைத் தாண்டும். 2011 கணக்கெடுப்பில் கோண்டியைத் தாய்மொழியாகப் பதிந்தோர் ஏறத்தாழ 29 லட்சம் பேரே. பாட்டன்கட் பகுதியினர் உள்ளிட்ட பலரும் வீட்டில் பேசுவது இந்தியின் வட்டார வழக்கு. பர்தான் பாடல்களும் பெரும்பகுதி அவ்வழக்கிலேயே உள்ளன. அவ்வாறாயின் 'படா தேவ்' அவர்கள் சொல்லேயன்றோ? ஆம், அவர்கள் சொல்லும் அதுவே. அச்சொல்லை நீக்குக என்பது இங்கு வாதம் அன்று. இக்கட்டுரையாளர் கேட்பது, மொழி மாறிய அவ்வரலாறும் காட்சிப்பொருளாக வேண்டும் என்பதே. மண்டலாவில் இந்தி வழக்கில் பாடுபவரும் அடிலாபாத்தில் கோண்டியில் பாடுபவரும் ஒரே கடவுளை இரு மொழிகளில் அழைக்கின்றனர் என்பது, கூடத்தில் உள்ள எந்தச் சிற்பத்திற்கும் குறையாத செய்தி.

பழங்குடியினர் காணப்படுபவராக மட்டும் இல்லை, காண்பவராகவும் இருக்கின்றனர் என்பதை நினைவூட்டும் நூல் ஒன்றைச் சென்னைப் பதிப்பகமே வெளியிட்டுள்ளது. ஜங்கட்டின் உறவினராகிய பஜ்ஜு சியாம், உணவகம் ஒன்றின் சுவர்களில் வரைய இலண்டன் சென்று, அந்நகரைத் தம் கண்ணால் வரைந்தது 'தி லண்டன் ஜங்கிள் புக்' (2004). அதில் பிக் பென் மணிக்கூண்டு சேவலாகிறது. 30ஆம் எண் பேருந்து நன்றியுள்ள நாயாகிறது. ஒரு நகரத்தைத் தன் மொழியின் உருவகங்களுக்குள் பெயர்த்துக்கொள்ளும் உரிமையை அப்பயணி எவரையும் கேட்டுப் பெறவில்லை. நம் காட்சியகங்கள் அம்மக்களைப் பெயர்க்கும்போது செய்வதும் அதுவே. ஆனால் பஜ்ஜு சியாம் பிக் பென்னைச் சேவலாக்கியபோது இலண்டன் தன் பெயரை இழக்கவில்லை.

கோண்டிக்கு எழுத்து யாது என்னும் வினாவை நிறுவனத்தார் எழுப்பக்கூடும். 1918இல் மங்கள் சிங் மசராம் உருவாக்கிய எழுத்து உண்டு. அடிலாபாத் பகுதியின் குஞ்சாலா ஊரில் கிடைத்த சுவடிகளின் எழுத்தும் உண்டு. முன்னது 2017இலும் பின்னது 2018இலும் உலகப் பொதுக் குறியேற்றத்தில் இடம்பெற்றுவிட்டன. எட்டாம் அட்டவணையில் 2003இல் சந்தாலியும் போடோவும் சேர்க்கப்பெற்றன. கோண்டி இன்னும் சேர்க்கப்படவில்லை. எவ்வெழுத்தைத் தேர்வது என்பதில் கோண்டு மக்களிடையேயும் ஒருமித்த கருத்து உருவாக வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். அதுவரை தேவநாகரியிலேயே 'பெர்சா பேன்' என்று எழுதலாம். பலகையில் 'படா தேவ்' என்பதன் கீழ் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.