படம் யாரிடம் திரும்பிப் போகிறது?

புகைப்படம் பயிலும் மாணவர்களுக்கு ஐரோப்பியக் கல்லூரிகளில் வழக்கமாகக் கொடுக்கப்படும் ஒரு பயிற்சி உண்டு. உன்னைச் சுற்றியிருக்கும் சாதாரண மனிதர் ஒருவரின் அன்றாட வாழ்வைப் படங்களால் சொல் என்பதே அது. கேட்பதற்கு எளிமையான இந்த வாக்கியத்துக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சாதாரண மனிதர் யார் என்று தீர்மானிப்பவர் யார்? அன்றாடம் என்பது கதையாகக் கூடியதா? சொல்லி முடித்தபின் அந்தப் படம் எவரிடம் போய்ச் சேருகிறது?

முதலிரண்டு கேள்விகளும் இலக்கியத்தை முன்வைத்து எமது சிறுசஞ்சிகைகளில் பல தடவைகள் விவாதிக்கப்பட்டவை. மூன்றாவதைப் பற்றி நாம் பேசியது குறைவு. மாணவர் படங்களை மதிப்பிடும்போது இந்த மூன்றாவது கேள்வியையே முதலில் கேட்கவேண்டும் என்பது என் நிலைப்பாடு. இதை விளக்க இங்கிலாந்தின் வடமேற்கில் 1970களில் நடந்த ஒரு முயற்சியை எடுத்துக்கொள்கிறேன். நான் இப்போது இரவுவேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து அந்தத் தெருக்கள் பஸ்சில் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்தவை என்பதும் இத்தேர்வுக்கு ஒரு காரணம்.

1

டானியல் மெடோஸ், மார்ரின் பார் ஆகிய இருவரும் 1970களின் தொடக்கத்தில் மான்செஸ்ரர் பொலிரெக்னிக்கில் புகைப்படம் படித்த மாணவர்கள். பார் பின்னாளில் மாக்னம் குழுவின் உறுப்பினராகி உலகப் புகழ் பெற்றவர். மெடோசை அந்த அளவுக்குப் பலர் அறியார். ஆனால் எமது கேள்விக்கு மெடோசின் பாதையே முக்கியமானது.

1972இல், இருபது வயதில், மெடோஸ் மொஸ் சைட் பகுதியின் கிறேம் வீதியில் ஒரு பழைய முடிவெட்டும் கடையை வாடகைக்கு எடுத்து இலவசப் புகைப்படக் கடை ஒன்றைத் திறந்தார். வந்தவர் எவராயினும் படம் எடுக்கப்படும், பிரதி ஒன்று காசில்லாமல் கொடுக்கப்படும். மொஸ் சைட் கரிபியன் தீவுகளிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்த குடியேறிகள் செறிந்து வாழ்ந்த இடம். பழைய வீடுகளை இடித்துத் தள்ளும் நகரசபைத் திட்டம் அப்போது தெருத்தெருவாக முன்னேறிக்கொண்டிருந்தது. இடிபடப்போகும் தெருவில் ஸ்ரூடியோ திறப்பது வியாபாரக் கணக்குக்குள் அடங்காத காரியம். மாணவனின் கைக்காசு தீர்ந்ததும் கடையும் மூடப்பட்டது.

அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து சல்ஃபோட்டின் ஜூன் வீதிக்குப் போனார்கள். 1960இல் தொடங்கிய 'கொரனேசன் ஸ்ரீட்' என்ற தொலைக்காட்சித் தொடர் உழைக்கும் வர்க்கத் தெரு ஒன்றை இங்கிலாந்து முழுவதற்கும் பழக்கப்படுத்தியிருந்தது. அத்தொடருக்கு முன்மாதிரியாக இருந்த உண்மையான தெரு அதற்குள் இடிக்கப்பட்டுவிட்டது. ஜூன் வீதியும் இடிபடக் காத்திருந்த தெருதான். வீடு வீடாகப் போய், குடும்பத்தவரை அவர்களது முன்னறையிலேயே இருத்திப் படம் எடுத்தார்கள்.

இப்படங்களில் பரிதாபம் இல்லை. பூப்போட்ட சுவர்த்தாள், கணப்படுப்பின் மேல் வரிசையாக வைக்கப்பட்ட அலங்காரப் பொருட்கள், கமராவை நேரே பார்க்கும் முகங்கள். தாம் பார்க்கப்படுகிறோம் என்பது அந்த மனிதருக்குத் தெரிகிறது. எப்படிப் பார்க்கப்படவேண்டும் என்பதில் அவர்களுக்கும் ஒரு கை இருக்கிறது. வீடுகளை இடிப்பதற்குச் சட்டம் பயன்படுத்திய சொல் 'மனிதர் வாழத் தகுதியற்றவை' என்பது. துடைத்துத் துடைத்துப் பளபளக்கும் அந்த அறைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது அச்சொல்லின் வன்முறை விளங்குகிறது. எந்த வாசகமும் எழுதப்படாமலே அரச ஆவணமொன்றுக்கு எதிர்வாதம் வைக்கப்பட்டுவிடுகிறது. மாணவர் வேலை என்ற அளவில் இது பெரிய சாதனை.

2

1973 செப்ரெம்பரில் மெடோஸ் ஒரு பழைய இரட்டைத்தட்டு பஸ்சில் புறப்பட்டார். அதுவே வீடு, அதுவே இருட்டறை, அதன் யன்னல்களே கண்காட்சிச் சுவர். 14 மாதங்களில் 22 ஊர்களில் 958 பேரை எடுத்தார். கிறேம் வீதிக் கடையின் விதியே இங்கும்: படம் இலவசம், எடுக்கப்பட்டவருக்கு அது திரும்பிப் போகும்.

இந்தத் 'திரும்பிப் போதல்' ஒரு மரியாதைச் செயல் மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. படத்தின் இயல்பையே அது மாற்றுகிறது. கல்லூரிப் பரீட்சகருக்காகவும் கண்காட்சிக்காகவும் எடுக்கப்படும் படத்தில் மனிதர் ஒரு உதாரணமாகிவிடுகிறார்: வறுமைக்கு உதாரணம், முதுமைக்கு உதாரணம், அகதிக்கு உதாரணம். அதே படம் நாளை அவருடைய வீட்டுச் சுவரில் தொங்கப்போகிறது என்று தெரிந்தால், எடுப்பவர் நிற்கும் இடம் மாறுகிறது. சூசன் சொன்ராக் 1977இல் வெளியான தன் நூலில் புகைப்படம் எடுத்தல் என்பது எடுக்கப்படும் பொருளைக் கையகப்படுத்துதல் என்று வாதிட்டார். அவ்வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் கையகப்படுத்தியதில் ஒரு பங்கையாவது திருப்பிக் கொடுக்கும் நடைமுறை சாத்தியம் என்பதை அந்த பஸ் காட்டிவிட்டது.

குறையும் உண்டு. படம் திரும்பிப் போயிற்று, பேச்சு பதியப்படவில்லை. பலருடைய பெயர்கூட இல்லை. 1990களின் நடுப்பகுதியில், அந்த முகங்களை மீண்டும் தேடிப் போக மெடோஸ் முடிவுசெய்தபோது, உள்ளூர்ப் பத்திரிகைகளில் பழைய படங்களை அச்சிட்டு 'இவர் யார்?' என்று ஊராரிடம் கேட்கவேண்டியிருந்தது. கண்டுபிடிக்கப்பட்டவர்களை மறுபடி படம் எடுத்தார், இம்முறை அவர்கள் பேசியதையும் கேட்டார்.

இதன் அடுத்த படிதான் 2001இலிருந்து 2008வரை பிபிசி வேல்சும் கார்டிஃப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய 'கப்சர் வேல்ஸ்' திட்டம். அப்போது மெடோஸ் அங்கே விரிவுரையாளர். ஊர் ஊராகப் பட்டறைகள் நடந்தன. மக்கள் தமது குடும்ப அல்பங்களிலிருந்து படங்களைத் தாமே தெரிந்தெடுத்து, தமது குரலிலேயே சொல்லி, தாமே கணினியில் தொகுத்தார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு நிமிடக் கதை. எடுப்பவர் என்ற இடைத்தரகர் இங்கே ஏறக்குறைய மறைந்துவிட்டார்.

இங்கே எனக்கு ஒரு மறுப்பு உண்டு. இரண்டு நிமிடம் என்பது ஒரு வடிவம். வடிவம் தன் விலையைக் கேட்கும். தொடக்கமும் திருப்பமும் நெகிழ்ச்சியான முடிவும் உள்ள வாழ்வே அதற்குள் நுழையமுடியும். அன்றாடமோ பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. இரவு பத்து மணிக்குத் தொடங்கி காலை ஆறுக்கு முடியும் வேலையில், பட்டியில் நகர்ந்துவரும் சாப்பாட்டுப் பெட்டிகளுக்கு மூடிபோட்டுக்கொண்டு நிற்பதில் என்ன திருப்பம் இருக்கிறது? முதல் மணிக்கும் ஏழாவது மணிக்கும் இடையில் கால் வலி மாத்திரமே வேறுபாடு. இதைக் கதையாக்க முயல்பவர் இதைப் பொய்யாக்கிவிடுவார். புகைப்படத்துக்குக் கதைசொல்லும் கடமை இல்லை. திரும்பத் திரும்ப நடப்பதை அப்படியே நிறுத்திக் காட்ட அதனால் முடியும். ஜூன் வீதிப் படங்கள் கதை சொல்லவில்லை என்பதே அவற்றின் பலம்.

3

எமக்கு இன்னும் நெருக்கமான மாணவர் முயற்சி ஒன்று ஜேர்மனியில் நடந்தது. 1961இல் துருக்கியுடன் செய்த ஒப்பந்தத்தின் வழியே மேற்கு ஜேர்மனி தொழிலாளரை வரவழைத்தது. 1973இல் ஆட்சேர்ப்பை நிறுத்தியது. வந்தவர்கள் தங்கிவிட்டார்கள், குடும்பங்களும் வந்தன. இந்தப் பத்தாண்டில் கன்டிடா ஹோஃபர் துருக்கியரின் கடைகளையும் வீடுகளையும், பூங்காப் புல்தரையில் கூடியிருந்த குடும்பங்களையும் படம் எடுத்துவந்தார். அக்காலத்தின் பெரும்பகுதியில் அவர் டுசல்டோர்ஃப் கலைக்கல்லூரி மாணவி; அங்கே பேர்ன்ட் பெக்கரிடம் பயின்றவர்களில் ஒருவர்.

அன்றைய ஜேர்மன் பத்திரிகைகளுக்குத் துருக்கியர் ஒரு பிரச்சினை. ஹோஃபரின் படங்களில் அவர்கள் இறைச்சிக்கடையில் நிற்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், சும்மா இருக்கிறார்கள். 'சும்மா இருக்கும் அகதி' எவ்வளவு அரிதான படம் என்பது எமக்குத் தெரியும். பின்னாளில் ஹோஃபர் மனிதரற்ற நூலகங்களையும் மண்டபங்களையுமே எடுத்துப் பெயர்பெற்றார். பிறரின் வாழ்வுக்குள் கமராவுடன் நுழைவதிலுள்ள கூச்சம் ஒருவரை எங்கே கொண்டுபோய் விடலாம் என்பதற்கு இதை ஒரு அடையாளமாக நான் வாசிக்கிறேன். அந்தக் கூச்சம் நேர்மையானது. ஆனால் விலகிக்கொள்வதால் மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது.

கமராவையே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள் என்பது இன்னொரு பதில். 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுனான் மாகாணக் கிராமப் பெண்களிடம் கமராக்கள் கொடுக்கப்பட்டதிலிருந்து இது ஒரு ஆய்வுமுறையாகவே வளர்ந்திருக்கிறது. இன்றோ எல்லோர் கையிலும் கைத்தொலைபேசிக் கமரா. ஆயினும் எந்தப் படம் 'வேலை' என்று கணிக்கப்படும், எது ஒதுக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் இடம்மாறவில்லை.

4

அண்மையில் எமது பிள்ளைகளில் ஒருத்தி, புகைப்படம் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி, நாங்கள் ஐந்துபேர் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு வந்தாள். "அங்கிள், வேலை உடுப்போடை அந்தப் புத்தகங்களுக்கு முன்னால இருங்கோ" என்றாள். முன்னாள் விரிவுரையாளர், இந்நாள் கூலி: கதை ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டிருந்தது. என்னுடைய உடம்பு மாத்திரமே தேவைப்பட்டது. அதை விட்டுவிட்டு வீட்டைப் பார் என்றேன். பெயர் ஒட்டிய தட்டுகள் கொண்ட பிரிட்ஜ், சுவரில் ஒட்டிய வேலைநேர அட்டவணை, ஒரே கட்டிலைப் பகலிலும் இரவிலும் மாறிமாறிப் பாவிக்கும் இருவர். பிள்ளை கெட்டிக்காரி, நல்ல படங்கள் எடுத்தாள்.

ஆனால் முல்லைத்தீவைச் சேர்ந்த என் அறை நண்பர் கேட்டது வேறு. "பிள்ளை, உந்தப் படத்தை நான் என்ன செய்யிறது? கோட்டுப் போட்டுக்கொண்டு வாறன், பூங்காவில வைச்சு ஒண்டு எடுத்துத் தாங்கோ. அம்மாவுக்கு அனுப்பவேணும்." அதையும் எடுத்தாள். பரீட்சைக்கு வைத்தபோது அவளுடைய ஆசிரியர் பிரிட்ஜையும் கட்டிலையும் மெச்சினார். பூங்காப் படம் உண்மைக்குப் புறம்பானது என்று ஒதுக்கச் சொன்னார். ஊரில் அந்தத் தாயின் வீட்டில் தொங்குவது பூங்காப் படம்தான்.

எது உண்மை? பத்து வருடமாகக் காணாத மகன் நன்றாக இருக்கிறான் என்று தாய் நம்பவேண்டும் என்ற விருப்பமும் எமது அன்றாடத்தின் பகுதி. கட்டிலைவிட அது குறைந்த உண்மை அல்ல. ஆசிரியரின் யதார்த்தவாதம் எம்மை எமது பற்றாக்குறைகளாக மாத்திரமே காண்கிறது. எமது விழா வீடியோக்கள் இதன் மறுபக்கம்: அங்கே மண்டபமும் நகையும் உண்டு, பிரிட்ஜ் இல்லை. இரண்டும் ஒரே தொகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மட்டுமே அந்த மனிதர் முழுமையாகத் தெரிவார்.

திரும்பிப் போகும் படத்தின் பெறுமதி எமக்கு ஏட்டுப் பிரச்சினை அல்ல. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களில் அல்பம் எடுத்துக்கொண்டு நடந்தவர் எத்தனைபேர்? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளது தொடர்போராட்டத்தில் தாய்மார் ஏந்திய படங்களைப் பாருங்கள். அடையாள அட்டைக்கு எடுத்தது, பாடசாலையில் எடுத்தது, யாரோ ஒருவரின் கலியாண வீட்டுப் படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்தது. எடுத்த நாளில் அவை மிகச் சாதாரணமான படங்கள். இன்று மகன் இருந்தான் என்பதற்குச் சாட்சி. அவை ஒரு கல்லூரியின் கோப்பிலோ ஸ்ரூடியோவின் பெட்டியிலோ தங்கியிருந்தால் அந்தச் சாட்சியும் இருந்திராது.

ஆகவே, எம்மைப் படம் எடுக்க வரும் மாணவருக்கு, அவர் எமது பிள்ளையாயினும் பிறராயினும், மூன்று நிபந்தனைகளை முன்வைக்கலாம் என்பது என் யோசனை. எடுத்த படத்தின் பிரதி, தாளில் அச்சிட்டு, எடுக்கப்பட்டவரிடம் வரவேண்டும். எடுக்கப்பட்டவர் விரும்பும் படம் ஒன்றும் தொகுப்பில் சமமான இடத்தில் வைக்கப்படவேண்டும். பெயரும் சொல்லும் சேர்த்தே பதியப்படவேண்டும். ஆனால் தஞ்ச வழக்கு முடியாதவரின் பெயரும் வேலைத்தலமும் அவரையே திருப்பி அனுப்பும் ஆதாரமாகலாம் என்பதால், எந்த நேரத்திலும் படத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கவேண்டும். மூன்றாவது நிபந்தனை தனக்குள்ளேயே முரண்படுகிறது என்பது எனக்குத் தெரியும். பெயரில்லாத படம் மெடோஸ் சந்தித்த சிக்கலுக்கே எம்மைக் கொண்டுபோகும். பெயருள்ள படம் உள்நாட்டு அமைச்சின் கோப்புக்குப் போகக்கூடும். இதை எப்படித் தீர்ப்பது என்பதில் வாசகரின் கருத்துகளை, குறிப்பாக எமது கல்லூரி மாணவர்களின் மறுப்புகளை, அடுத்த இதழில் காண விரும்புகிறேன்.