அம்பிகாபதி பிழைத்தான்!

மாண்டவன் எழுந்தான்! மருத்துவமனைக் கட்டிலிலே கண் மூடியவன் கண் விழித்தான்! சத்தியவானுக்காகச் சாவித்திரி எமனிடம் வாதாடிப் பெற்ற உயிரன்று, தோழர்களே! 2025 ஆகஸ்டு முதல் நாள், தமிழகத் திரையரங்குகளிலே, செயற்கை நுண்ணறிவு என்னும் பொறி ஈந்த உயிர் அது.

படத்தின் பெயர் 'அம்பிகாபதி'. 2013இல் ஆனந்த் எல்.ராய் இந்தியில் எடுத்த 'ராஞ்சனா'வின் தமிழ் வடிவம். தனுஷ் ஏற்ற குந்தன் என்னும் பாத்திரம் இறுதியிலே இறந்துபடும். இறக்கலாகாது என்று முடிவு கட்டியது, படத்தின் உரிமையை வைத்திருந்த ஈராஸ் நிறுவனம். பொறியை ஏவிற்று, முடிவு மாறிற்று. இயக்குநர் எதிர்த்தார். படத்தின் உயிரே போயிற்று என வருந்தினார் தனுஷ்.

உயிர் தந்ததால் உயிர் போயிற்றா? விந்தையாகத் தோன்றும். ஆயின் கதையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். குந்தன் மாசற்ற காதலன் அல்லன். தான் விரும்பிய சோயா வேறொருவனை மணக்க நின்ற வேளையிலே, அந்த மணமகன் முஸ்லிம் அல்லன் என்ற மறைவை உடைக்கிறான். அடித்து நொறுக்கப்பட்ட அந்த இளைஞன் மாள்கிறான். அந்தப் பழி குந்தனைத் துரத்துகிறது. மேடையிலே சாவு காத்திருப்பதை அறிந்தும் ஏறுகிறான். கணக்குத் தீர்க்கும் சாவு அது! அதை அழித்தால் மிஞ்சுவது யாது? பழிக்குக் காரணமானவன் எழுந்து உட்காருகிறான். பலியானவன் பிணமாகவே கிடக்கிறான். அவனை எழுப்ப எந்தப் பொறியும் ஏவப்படவில்லையே!

"பார்த்தீரா, இந்தப் பொறி கலையைக் கொன்றுவிட்டது" என்று அலறுகின்றனர் சிலர். பொறியா கொன்றது? 2024இல் வந்த 'லால் சலாம்' படத்திலே, மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் இதே வகைப் பொறிதான் பாட வைத்தது. குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, ஊதியமும் தந்தே செய்ததாக அறிவித்தார் ஏ.ஆர்.ரகுமான். அங்கே கேட்டார்கள், இங்கே கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயம் உண்டா என்றால், நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்துக்கு 'ஆசிரியர்' எனக் காட்டுவது தயாரிப்பாளரை! பணம் போட்டவர் ஆசிரியர்; படைத்தவர் கூலிக்காரர். அஞ்சுவோர் இதற்கன்றோ அஞ்ச வேண்டும்?

நூலகம் எட்டாத சிற்றூர்ப் பிள்ளைக்கு இந்தப் பொறி எட்டுகிறது. மருங்காபுரிப் பக்கம் நான் பாடம் சொல்லும் பிள்ளைகள், என்னிடம் கேட்கக் கூசும் ஐயங்களைத் தகப்பனின் கைப்பேசியிடம், தமிழிலேயே, கேட்கின்றனர். கேட்கட்டும்! எனக்கு அதில் பொறாமை இல்லை. (சிறிது உண்டு.)

பழைய அம்பிகாபதிக் கதைக்குப் புது முடிவு எழுதுமாறு வகுப்பிலே பணித்தேன். கம்பர் மகன் நூறு பாடல் பாட வேண்டும். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிய அமராவதி, தொண்ணூற்றொன்பதிலேயே வெளிப்பட்டாள். சோழன் அவனைக் கொல்வித்தான். திருச்சியிலே வளர்ந்த தியாகராஜ பாகவதர் 1937இல் நடித்த கதை. இயக்கிய எல்லிஸ் டங்கன் தமிழறியாத அமெரிக்கர். வசனம் தீட்டிய இளங்கோவன் துணை நின்றார். ஆகவே, 'பொறிக்குத் தமிழ் உணர்வு ஏது?' என்று கேட்டு நாம் தப்பிவிட முடியாது.

கைப்பேசியைக் கேட்டு எழுதிய பிள்ளைகளின் தாள்களிலே ஒரே முடிவு: மன்னன் மனம் நெகிழ்கிறான், மன்னிக்கிறான், மணமுடித்து வைக்கிறான். வியப்பென்ன? எழுதிக் குவித்தவற்றிலிருந்து, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து அடுக்குவதே அதன் தொழில். மன்னனை நல்லவனாக்கும் கதைகளா நம்மிடம் குறைவு?

ஒரு மாணவி மட்டும் அந்த மன்னிப்பை மையால் அடித்திருந்தாள். கீழே, தன் கோணல் எழுத்திலே, அமராவதியைப் பேச வைத்திருந்தாள்: "தப்பாக எண்ணியவள் நான். தலை அவருடையதா?"